உடைந்த குழுவிலிருந்து பிறந்த இசை: ஸ்பிரிச்சுவலைஸ்டு குழுவைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

இங்கிலாந்தின் ரக்பி நகரில், கலைக் கல்லூரி மாணவர்களாக இருந்த ஜேசன் பியர்ஸும் பீட்டர் கெம்பரும் 1982-இல் சேர்ந்து தொடங்கிய குழு ஸ்பேஸ்மென் 3. இருவரும் ஒரே நாளில், 1965 நவம்பர் 19 அன்று பிறந்தவர்கள். கெம்பர் தமக்கு சோனிக் பூம் என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்டார். பத்தாண்டுகள் நிறைவதற்குள் அந்த நட்பு முறிந்தது. பியர்ஸ், அதே குழுவில் தம்மோடு வாசித்துக்கொண்டிருந்த வில் கரூதர்ஸ், மார்க் ரெஃபாய், ஜானி மேட்டக் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு, 1990-இல் தொடங்கிய சைக்கடெலிக் ராக் குழுதான், அதாவது மயக்கநிலையை ஒலியால் உண்டாக்க முயலும் ராக் குழுதான், ஸ்பிரிச்சுவலைஸ்டு. சிறிது காலத்தில் கேட் ராட்லி கீபோர்டு கலைஞராக இணைந்தார்.

இந்தக் குழுவைக் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலோர் 1997-இல் வந்த அதன் மூன்றாவது ஆல்பத்தில் இருந்தே தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதுவும் பேருந்துப் பயணத்தில், பாடல்களை வரிசை கலைத்து ஓடவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். இரைச்சலும் ஏக்கமும் மாறி மாறி வந்துபோயினவே தவிர, எதுவும் மனத்தில் தங்கவில்லை. ஆண்டுகள் கழித்து, ஸ்பேஸ்மென் 3 உடைந்த இடத்தில் இருந்து தொடங்கி வரிசையாகக் கேட்டபோதுதான் பழைய குழுவில் இருந்து பியர்ஸ் எதைக் கையோடு எடுத்து வந்தார், எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்பது காதுக்குப் புலப்பட்டது. இந்தக் குழுவின் இசை முழுவதும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே நான் பரிந்துரைக்கும் வழி, முறிவில் இருந்து தொடங்கும் வழி.

முதலில் கருவியைச் சரிசெய்யுங்கள்

இந்த இசைக்குத் தொலைபேசியின் சொந்த ஒலிபெருக்கி உதவாது. விலையுயர்ந்த ஹெட்போன் தேவையில்லை; இரண்டு காதுகளையும் மூடும் சாதாரண ஹெட்போன், அல்லது சற்றுத் தள்ளித் தள்ளி வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள் போதும். கேட்கும் செயலியின் அமைப்புகளுக்குப் போய் நான்கு விஷயங்களைப் பாருங்கள். பாடல்களை வரிசை மாற்றி ஒலிக்கவிடும் வசதி அணைந்திருக்க வேண்டும். ஒரு பாடலின் வாலையும் அடுத்த பாடலின் தலையையும் குழைத்துவிடும் வசதியும் அணைந்திருக்க வேண்டும், ஏனெனில் இந்த ஆல்பங்களில் பாடல்கள் எங்கே ஒன்றோடொன்று சேர வேண்டும், எங்கே மௌனம் விழ வேண்டும் என்பதைப் பியர்ஸே முடிவுசெய்து வைத்திருக்கிறார். பாடல்களுக்கு இடையே செயற்கையான இடைவெளி விழாமல் ஓடும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். கடைசியாக, இரண்டு காதுகளுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் மோனோ அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அதன் காரணம் பின்னால், 1995-ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு வரும்போது விளங்கும்.

ஒலியளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதுவாகத் தொடங்கிப் பெரும் இரைச்சலாக வளரும் பாடல்கள் இங்கே நிறைய உண்டு. தொடக்கம் சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவைத்தால், ஆறாவது நிமிடத்தில் காது வலிக்கும். மெல்லிய தொடக்கத்தை மெல்லியதாகவே விட்டுவிட்டுக் காத்திருங்கள்.

சுருதியில் காதை ஊறவிடுதல்

ஸ்பேஸ்மென் 3 குழுவின் இசையில் சுரக்கூட்டுகள், அதாவது கிட்டார் கலைஞர்கள் கார்டு என்று சொல்பவை, மிகக் குறைவு. ஒன்றோ இரண்டோ கார்டுகளை வைத்துக்கொண்டு பல நிமிடங்கள் நகராமல் நிற்பார்கள். மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாசிப்பது அவர்கள் வழக்கம். எழுந்து ஆடிப்பாடிக் கூட்டத்தைக் கவர வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இந்த நிலைத்து நிற்கும் பண்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால் பாதிப் பொறுமையின்மை போய்விடும்.

அமெரிக்க இசையமைப்பாளர் லா மாண்ட் யங், நீண்டு நிற்கும் சுரங்களையே இசையாகக் கொண்டவர். பிற்காலத்தில் இந்துஸ்தானி இசையின் கிரானா மரபைச் சேர்ந்த பண்டிட் பிராண் நாத்திடம் மாணவராகச் சேர்ந்து தம்புரா மீட்டியவர். 1960-களில் அவருடைய குழுவில் வயோலா வாசித்த ஜான் கேல், நிற்கும் சுரத்தின் அந்தப் பாடத்தை வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் ராக் குழுவுக்குக் கொண்டுபோனார். அந்தக் குழுவின் தீவிர ரசிகர்களாக வளர்ந்தவர்கள்தாம் ரக்பியின் இந்த இரண்டு இளைஞர்களும். எனவே கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. பாடகர் மேடைக்கு வருமுன் தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் சுருதி என்பது பாட்டு நிற்பதற்கான தரை. ஸ்பேஸ்மென் 3 அந்தத் தரையையே கச்சேரியாக ஆக்கியது.

இதைத் தூய வடிவில் கேட்க வேண்டுமானால் ட்ரீம்வெப்பன் என்ற நேரடிப் பதிவில் இருந்து பத்து நிமிடம் கேளுங்கள். 1988 ஆகஸ்டில், லண்டனின் மேற்கே பிரென்ட்ஃபர்டில் உள்ள வாட்டர்மன்ஸ் கலை மையத்தில், திரைப்படம் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கும் முன்கூடத்தில் வாசிக்கப்பட்டது அது. சமகால சித்தார் இசை மாலை என்று விளம்பரம் செய்திருந்தார்கள்; வாசித்தது கிட்டார்கள்தாம். முக்கால் மணி நேரத்துக்கு நெருங்கி, ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும் ரீங்காரம், அதன் ஊடே கூடத்தில் இருந்தவர்களின் பேச்சொலி. முழுவதையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாவது நிமிடத்தில் சலிப்புத் தட்டும், ஏழாவது எட்டாவது நிமிடத்தில், அதுவரை இல்லாத மெல்லிய மேல் சுரங்கள் தந்திகளுக்குள் இருந்து கேட்கத் தொடங்கும். அவை தொடக்கத்தில் இருந்தே அங்கே இருந்தவை. அந்த மாற்றம் உங்கள் காதில் ஒருமுறை நிகழ்ந்துவிட்டால் போதும், அடுத்த படிக்குப் போகலாம்.

கிட்டார் வாசிப்பவர்கள் இதைக் கையாலும் அறியலாம். ஈ மேஜர் கார்டைப் பிடித்து, ஒலியளவை ஏற்றி இறக்கித் துடிக்கச் செய்யும் ட்ரெமலோ என்ற எஃபெக்டை இயக்கி, அதன் துடிப்புக்கு ஒத்த வேகத்தில் கார்டை மாற்றாமல் ஐந்து நிமிடம் மீட்டுங்கள். விரலுக்கு இது எளிது. மாற்றிவிடலாமே என்று மனம் கெஞ்சுவதை அடக்குவதுதான் கடினம்.

உடைந்த ஆல்பம்

அடுத்து, ஸ்பேஸ்மென் 3 குழுவின் கடைசி ஆல்பமான ரிகரிங். 1991-இல் இது வெளிவந்தபோது ஸ்பிரிச்சுவலைஸ்டு ஏற்கெனவே தன் முதல் ஒற்றைப்பாடலை வெளியிட்டுவிட்டது. பாடல்களை எழுதிய பெருமை யாருக்கு எவ்வளவு என்ற பூசல் முற்றி, பியர்ஸும் கெம்பரும் ஒரே அறையில் சேர்ந்து இசைக்க இயலாத நிலைக்கு வந்திருந்தார்கள். ஆகவே இசைத்தட்டின் முதல் பக்கம் கெம்பருடையது, இரண்டாம் பக்கம் பியர்ஸுடையது. இருவரும் தனித்தனி நேரங்களில் பதிவுசெய்தார்கள். இருவரும் சேர்ந்து வாசித்தது மட்ஹனி என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடல் ஒன்றை எடுத்துப் பாடிய ஒரே ஒரு இடத்தில்தான். ஒரு குழு உடைவதை இவ்வளவு தெளிவாகக் காதால் கேட்கக்கூடிய வேறொரு ஆல்பத்தை நான் கேட்டதில்லை.

இதை ஒரே அமர்வில் கேட்காதீர்கள். முதல் நாள் கெம்பரின் பகுதியை மட்டும் கேளுங்கள். அவருடைய நீண்ட தொடக்கப் பாடலில், அந்தக் காலத்து நடன அரங்குகளில் ஒலித்த மின்னணுத் தாளத்தின் சாயல் இருக்கும். அதன்மேல் ஒரே சொற்றொடர் மந்திரம்போல் திரும்பத் திரும்ப வரும். கருவிகள் குறைவு, வரிகள் எளியவை, குரல் பேச்சுக்கு அருகில் நிற்கும். ஓர் ஒலியை எடுத்து அதன் இயல்பை உற்றுநோக்கும் மனிதர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

மறுநாள் பியர்ஸின் பகுதி. இங்கும் கார்டுகள் குறைவுதான், திரும்பச் சொல்லலும் உண்டு. ஆனால் இசை வளர்கிறது. மெல்லிய ஆர்கன் ஒலியில் தொடங்கி, கிட்டார், பித்தளைக் கருவிகள் என்று ஒவ்வொன்றாக ஏறிவந்து, பாடுபவர் யாரிடமோ இறைஞ்சுவதுபோல் ஆகிவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பெல் பாடல்களில், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பாடி உணர்ச்சியை உயர்த்திச் செல்லும் முறை இங்கே ராக் இசைக்குள் வந்து அமர்ந்திருப்பதைக் கேட்கலாம்.

இந்தப் பகுதியில் உள்ள ஃபீல் ஸோ ஸேட் என்ற பாடலைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பாடலை அதே ஆண்டில் ஸ்பிரிச்சுவலைஸ்டு மீண்டும் பதிவுசெய்து, பத்து நிமிடத்துக்கும் மேலாக நீட்டி வெளியிட்டது. 2003-இல் வந்த முதல் தொகுப்பு வெளியீட்டில் அது கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பயிற்சி என்பேன். மெட்டு ஒன்று, பாடுபவரும் ஒருவரே. ஆனால் பின்னதில் ஒலிகளுக்கு நடுவே வெளி கிடைத்திருக்கிறது. ஒரு சுரம் முடிந்து அடுத்தது வருமுன் அறையின் காற்று கேட்கிறது. பழைய குழுவிலிருந்து பியர்ஸ் கொண்டுவந்தது நிற்கும் சுருதி. விட்டுவந்தது அந்தச் சுருதி கடைசிவரை ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்ற கண்டிப்பு.

நான்கு நிறங்கள், இரண்டு காதுகள்

இப்போது ஸ்பிரிச்சுவலைஸ்டு குழுவின் முதல் ஆல்பத்துக்கு வரலாம். 1992-இல் வந்த லேசர் கைடட் மெலடீஸ் ஆல்பத்தில் பன்னிரண்டு பாடல்கள் உள்ளன. ஆனால் அவை சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று நிறப்பெயரிட்ட நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு பகுதியை ஒரு பாடலாகவே எண்ணிக் கேட்க வேண்டும். நடுவில் நிறுத்தத் தேவைப்பட்டால் ஒரு நிறம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு இதைவிட இதமான வாசல் இந்தக் குழுவில் இல்லை. இந்த ஆல்பத்துக்குப் பின் கரூதர்ஸும், சில காலம் கழித்து ரெஃபாயும் மேட்டக்கும் விலகிவிட்டதால், பழைய குழுவின் நால்வரும் சேர்ந்து வாசித்த ஸ்பிரிச்சுவலைஸ்டு ஆல்பம் என்ற சிறப்பும் இதற்கு உண்டு.

1995-இல் வந்த ப்யூர் ஃபேஸ் ஆல்பத்துக்குத்தான் மோனோ அமைப்பை அணைக்கச் சொன்னேன். பதிவுசெய்த இசையை இறுதி வடிவில் கலந்து சேர்க்கும் வேலை முடிந்தபோது பியர்ஸின் கையில் இரண்டு வடிவங்கள் இருந்தன; இரண்டும் அவருக்குப் பிடித்திருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, ஒன்றை இடது காதுக்கும் மற்றொன்றை வலது காதுக்கும் வைத்து இரண்டையும் சேர்ந்து ஓடவிட்டார். காந்த நாடாவில் இருந்த இரண்டு வடிவங்களை, ஒன்றோடொன்று விலகிப் போகாமல் துண்டுதுண்டாக ஒட்டிச் சேர்ப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஏதேனும் ஒரு பாடலின் ஒரு நிமிடத்தை முதலில் இடது காதில் மட்டும் கேளுங்கள். பிறகு அதே ஒரு நிமிடத்தை வலது காதில் மட்டும் கேளுங்கள். அதே பாட்டுத்தான், ஆனால் ஒரு பக்கத்தில் தெளிவாக இருக்கும் கருவி மறுபக்கத்தில் பின்வாங்கி இருக்கும். பிறகு இரண்டு காதுகளிலும் மாட்டிக்கொள்ளுங்கள். ஒலி சட்டென்று அகலமாகி, தலைக்குள்ளே மெல்ல அசைந்துகொண்டிருக்கும். நான் இதை முதன்முறை செய்துபார்த்தபோது, பேருந்தில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்ட நாள்கள் நினைவுக்கு வந்தன. இந்த ஆல்பத்தை அப்படிக் கேட்பவர் உண்மையிலேயே பாதி இசையைத்தான் கேட்கிறார்.

1997-ஆம் ஆண்டு ஆல்பம்

இவ்வளவு தூரம் வந்தபின் லேடீஸ் அண்ட் ஜென்டில்மென் வி ஆர் ஃப்ளோட்டிங் இன் ஸ்பேஸ் ஆல்பத்தைத் திறந்தால், அது புதிராக இராது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை இதழ் தேர்ந்தெடுத்தது இதைத்தான். மாத்திரை அட்டைபோல் வடிவமைத்த உறையில், அழுத்தினால் பிதுங்கிவரும்படி குறுந்தகட்டை வைத்து, மருந்துக்குறிப்புச் சீட்டுபோல் அச்சிட்ட தாளோடு விற்றார்கள். தொலைபேசியில் கேட்பதுபோல் கேட் ராட்லியின் குரல் ஆல்பத்தின் தலைப்பைச் சொல்லத் தொடங்கும். பிறகு பியர்ஸின் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்.

இங்கே ஒரு நடைமுறைத் தகவல். தொடக்கப் பாடலில் எல்விஸ் பிரெஸ்லி பாடிப் புகழ்பெற்ற காதல் பாடல் ஒன்றின் வரிகளைப் பியர்ஸ் இணைத்திருந்தார்; பிரெஸ்லியின் உரிமைகளை நிர்வகிப்பவர்கள் அப்போது இணங்காததால், அவை இல்லாத வடிவமே 1997-இல் வெளிவந்தது. 2009-ஆம் ஆண்டின் மறுவெளியீட்டில் அந்த வரிகள் மீண்டும் இடம்பெற்றன. இரண்டும் இன்று புழக்கத்தில் இருப்பதால், நண்பர் சொல்லும் வரி உங்கள் பதிப்பில் கேட்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். எனக்கு அந்த வரிகள் உள்ள வடிவமே நிறைவானதாகப் படுகிறது.

பாடகர் குழு, தந்திக் கருவி நால்வர், பித்தளைக் கருவிகள் என்று இங்கே கருவிகள் பெருகிவிட்டன. இவற்றுக்கு அடியில் சுருதி இன்னும் நிற்கிறதா என்று தேடிக்கொண்டே கேளுங்கள். ட்ரீம்வெப்பனில் ஊறிய காது அதை எளிதில் கண்டுபிடிக்கும். ஆல்பத்தின் கடைசிப் பாடல் பதினேழு நிமிடம் நீள்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த, டாக்டர் ஜான் என்ற பெயரில் அறியப்பட்ட இசைக்கலைஞர் அதில் பியானோ வாசித்திருக்கிறார். மெதுவாக நடந்து வரும் பாட்டு நடுவில் வெடித்துச் சிதறி, வெகுநேரம் இரைச்சலாகவே ஓடி, பிறகு எதுவும் நடக்காததுபோல் அதே மெதுநடைக்குத் திரும்புகிறது. இரைச்சல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். திரும்பிவரும் அந்த மெட்டின் அமைதி, இரைச்சலுக்குள் இருந்து வந்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

பாடல் வரிகளைப் பற்றித் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்பேஸ்மென் 3 காலத்தில் இருந்தே போதைப்பொருள்கள் இந்தப் பாடல்களில் வெளிப்படையாக வருகின்றன. 1987-இல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பம் ஒரு போதை அனுபவத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையுமே வரிசையாகக் கொண்டது. ஏசுவின் பெயரும் காதலியின் பெயரும் போதையின் பெயரும் ஒன்றுக்கொன்று மாற்றாக வரும். இந்த இசையை உணரப் போதை தேவை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மயக்கத்தை உண்டாக்குவதற்கான வேலையைச் சுருதியும் ட்ரெமலோவும் திரும்பச் சொல்லலுமே செய்துவிடுகின்றன. இரங்கலும் வேண்டுதலும்தான் இந்த வரிகளின் உள்ளீடு.

அதற்குப் பிறகு

1999-இல் பியர்ஸ், குழுவில் இருந்த ஷான் குக், மைக் மூனி, டேமன் ரீஸ் மூவரையும் நீக்கினார்; அவர்கள் லூப்பைன் ஹவுல் என்ற புதுக்குழுவைத் தொடங்கினார்கள். உடைந்த குழுவில் பிறந்த குழுவும் உடைந்து, இன்னொன்றைப் பெற்றெடுத்தது. 2001-இல் வந்த லெட் இட் கம் டவுன் ஆல்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் வாசித்தார்கள். இசைக்குறியீடு எழுதத் தெரியாத பியர்ஸ், ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தம் குரலாலேயே சிறு ஒலிப்பதிவுக் கருவியில் பாடிப் பதிந்துகொண்டு உருவாக்கியது அது. அடுத்த 2003-ஆம் ஆண்டு ஆல்பம் நேரெதிராக, வேகமாகப் பதிவானது. 2005-இல் கடும் நிமோனியாவால் பியர்ஸ் உயிருக்குப் போராடி மீண்டார். 2008-இல் வந்த ஆல்பத்துக்கு மருத்துவமனையின் விபத்து, அவசரச் சிகிச்சைப் பிரிவின் பெயரையே சூட்டினார். நேரம் குறைவாக இருப்பவர்கள் இவற்றைத் தாண்டி, 2018-இல் வந்த அண்ட் நத்திங் ஹர்ட் ஆல்பத்துக்கு நேரே போகலாம். பெரிய இசைக்குழு ஒலியை வீட்டில் கணினியில் பெரும்பாலும் ஒருவராகவே அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பிய ஆல்பம் அது. 2022-இல் வந்த எவ்ரிதிங் வாஸ் பியூட்டிஃபுல் அதன் இணை.

கெம்பரின் கிளையை ஒதுக்கிவிட வேண்டாம். அவர் ஸ்பெக்ட்ரம் என்ற பெயரிலும், கெவின் ஷீல்ட்ஸ், எடி பிரெவோ போன்ற இசைக்கலைஞர்களோடு ஈ.ஏ.ஆர். என்ற பெயரிலும் தொடர்ந்தார். எம்ஜிஎம்டி என்ற அமெரிக்கக் குழுவின் 2010-ஆம் ஆண்டு ஆல்பத்தின் தயாரிப்பிலும் அவர் பங்கு உண்டு. பாண்டா பேர் என்ற அமெரிக்க இசைக்கலைஞரோடு சேர்ந்து 2022-இல் அவர் வெளியிட்ட ரீசெட் ஆல்பம், அவருடைய உலகத்துக்குள் நுழைய நல்ல இடம். ரிகரிங் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஓர் ஒலியை உற்றுநோக்கிக்கொண்டிருந்த அதே மனிதரை அங்கேயும் சந்திப்பீர்கள்.

இவற்றையெல்லாம் சில வாரங்களில் கேட்டு முடித்தபின், ரிகரிங் ஆல்பத்தை மீண்டும் எடுங்கள். இம்முறை பக்கங்களைப் பிரிக்காமல், இரண்டாம் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்தில் முடியுங்கள். இருவரும் சேர்ந்து வாசித்த அந்த ஒரு பாடல் வரும்போது மட்டும் ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள்.